சேலத்திலிருந்து விமான மெக்கானிக்: அப்ரெண்டிஸ் வழியில் போவது எப்படி?

2023 அக்டோபரில் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு மறுபடியும் விமானம் வர ஆரம்பித்ததிலிருந்து ஓமலூர் பக்கத்துப் பசங்க என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அண்ணா, ஐடிஐ முடிச்சிருக்கேன். ஏரோப்ளேன் மெக்கானிக் ஆக முடியுமா?” முடியும். சங்ககிரியில் மாமாவின் லாரிப் பட்டறையில் கிரீஸ் பூசிக்கொண்டிருந்த நான், பெங்களூரில் அப்ரெண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுபவனாகச் சேர்ந்துதான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் பாதை இரண்டு மூன்று இடத்தில் பிரியும். அது தெரியாமல் வருஷக்கணக்கை வீணடித்தவர்களும் உண்டு.

படி 1: என்ன ஆகப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஹேங்கரில் (விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகை) ஸ்பேனர் பிடிக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட முடியாது. வேலையைச் செய்பவர் டெக்னீஷியன். “வேலை சரியாக முடிந்தது, விமானம் பறக்கலாம்” என்று கையெழுத்திடுபவர் உரிமம் வாங்கிய விமானப் பராமரிப்பு இன்ஜினியர், ஏஎம்இ என்பார்கள். அந்த உரிமத்தைச் சிஏஆர்-66 என்ற விதிப்படி, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ தருகிறது. அப்ரெண்டிஸ் பயிற்சி உங்களை டெக்னீஷியன் ஆக்கும். உரிமம் தனிக் கதை.

உரிமத்தில் ஏ பிரிவு என்றால் சின்ன வேலைகள். அதுவும் தன் கையால் செய்த வேலைக்கு மட்டும்தான் கையெழுத்து. பி1 என்றால் இன்ஜின், பாடி. பி2 என்றால் ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக் கருவிகள். பி1-க்குள்ளும் உட்பிரிவு உண்டு, பலரும் சறுக்குவது இங்கேதான். நம்ம ஊரில் இறங்கும் ஏடிஆர்-72-ல் ஆறு இறக்கையோடு புரொப்பல்லர் சுற்றுவதைப் பார்த்து “பழைய காலத்து பிஸ்டன் இன்ஜின்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஓடுவது டர்பைன். அதனால் அதற்குப் பி1.1 வேண்டும். பி1.2 பிஸ்டன் விமானங்களுக்கு, அதாவது பைலட் பயிற்சிக்கு ஓட்டுகிற சின்ன விமானம் மாதிரி. தப்பான பிரிவுக்குப் படித்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

படி 2: ஐடிஐயோடு நிறுத்தாதீர்கள்

கோரிமேடு அரசு ஐடிஐயோ வேறு ஐடிஐயோ, ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற டிரேடுகள் அப்ரெண்டிஸ் சேர்வதற்குப் போதும். ஆனால் டிஜிசிஏ உரிமத் தேர்வு எழுத, இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு பிளஸ் டூ வேண்டும். அல்லது இன்ஜினியரிங் டிப்ளமோ. பத்தாவது முடித்து நேராக ஐடிஐ போனவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் நேரடியாகச் சேரும் வழியை இப்போதே விசாரித்து வையுங்கள்.

படி 3: பெயரைச் சரி பாருங்கள்

சிரிக்காதீர்கள், இது முக்கியம். என் ஆதாரில் இனிஷியல் பின்னால் இருந்தது, மார்க் ஷீட்டில் முன்னால், ஐடிஐ சான்றிதழில் இனிஷியலே இல்லை. சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொன்ன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “மூணு பேரா வந்திருக்கீங்க?” என்றார். அந்த வருஷம் போயிற்று. பதிவு செய்வதற்கு முன்பே மூன்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

படி 4: பதிவும் விண்ணப்பமும்

ஐடிஐ முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்ய வேண்டும். டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்கு என்ஏடிஎஸ் என்று தனித்தளம். பதிவு எண் வந்தபின் நிறுவனங்களின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். 1940-ல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) நமக்குக் கிட்டத்தில் உள்ள பெரிய இடம். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். காமலாபுரத்தில் விமானம் வந்து திரும்புவதோடு சரி, பெரிய பராமரிப்பு ஹேங்கர் இங்கே கிடையாது. வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். 2019-ல் மாற்றிய விதியில் உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் குறைந்தபட்சம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இப்போதைய தொகையை அந்தந்த அறிவிப்பிலேயே பாருங்கள். அதில் பெங்களூரில் ரூம் எடுப்பது கஷ்டம்தான், வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்ரெண்டிஸ் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டை டீக்கடையோடு அனுப்பிவிடுங்கள்.

படி 5: ஹேங்கர் புத்தி

மாமா பட்டறையில் ஸ்பேனர் தொலைந்தால் பக்கத்து டேபிளில் எடுத்துக்கொள்வோம். ஹேங்கரில் ஒவ்வொரு டூலுக்கும் போர்டில் அதன் உருவத்துக்கே இடம் உண்டு. காலையில் எண்ணி வாங்கி, மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு 10 எம்எம் சாக்கெட் எண்ணிக்கையில் குறைந்தது. இன்ஜின் கவுலிங்கை (இன்ஜினின் மேல்மூடி) மூடவிடவில்லை. டார்ச் அடித்து ஐந்து பேர் இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் என் ஓவரால் முழங்கால் பையில் இருந்தது. யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. உள்ளே கிடந்திருந்தால் கன்ட்ரோல் கேபிளில் சிக்கியிருக்கலாம், இன்ஜினுக்குள் போயிருக்கலாம்.

படி 6: வீட்டிலேயே லாக் வயர் பழகுங்கள்

போல்ட்டு அதிர்வில் தளராமல் இருக்கத் தலையில் உள்ள ஓட்டை வழியாகக் கம்பி கோத்து முறுக்குவதுதான் லாக் வயர். லேத் பட்டறையில் இரண்டு போல்ட்டுத் தலையில் ஓட்டை போட்டு வாங்கி, ஒரு இரும்புப் பட்டையில் முடுக்குங்கள். 0.032 இன்ச், அதாவது சுமார் 0.8 எம்எம், ஸ்டெயின்லெஸ் கம்பி எடுங்கள். முதல் போல்ட்டில் கோத்து ஒரு முனையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்து முறுக்குங்கள். இன்ச்சுக்கு 6 முதல் 8 முறுக்கு. அடுத்த போல்ட்டின் ஓட்டைக்குச் சற்று முன்னால் முறுக்கை நிறுத்தி, கோத்து, மீண்டும் சுற்றி முறுக்குங்கள். மிச்சத்தை அரை இன்ச்சுக்குள் வெட்டி உள்பக்கம் மடக்குங்கள், இல்லையென்றால் அடுத்தவன் கையைக் கிழிக்கும்.

இப்போது சோதனை. ஒரு போல்ட்டை விரலால் தளர்த்தப் பாருங்கள். கம்பி இறுகி மற்ற போல்ட்டை முடுக்கும் திசையில் இழுக்க வேண்டும். தளர்த்தும் திசையில் இழுத்தால் கம்பி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டி எறியுங்கள். வெட்டிய கம்பியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. என் முதல் முப்பது கம்பியும் குப்பைக்குத்தான் போயின.

படி 7: பயிற்சி முடிந்த பிறகு

ஐடிஐக்காரர்களுக்குப் பயிற்சி பெரும்பாலும் ஒரு வருஷம். அகில இந்திய டிரேடு தேர்வு எழுதித் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் உற்பத்தி ஷாப்பில் பாகம் கடைந்த அனுபவம் உரிமத்துக்கு அப்படியே செல்லாது. டிஜிசிஏ கேட்பது பறக்கிற விமானத்தில் பராமரிப்பு அனுபவம். முன்பயிற்சி எதுவும் இல்லாமல் நேராக வந்தால் ஏ பிரிவுக்கு மூன்று வருஷம், பி1.1-க்கும் பி2-க்கும் ஐந்து வருஷம். விமானப் பராமரிப்புப் பள்ளிகளுக்கான சிஏஆர்-147 விதிப்படி அங்கீகாரம் உள்ள பள்ளியில் படித்தால் அது ஒன்றாகவும் இரண்டாகவும் குறையும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பள்ளியில் பணம் கட்டும் முன் டிஜிசிஏ பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமத் தேர்வு மாட்யூல் மாட்யூலாக, அதாவது பாடம் பாடமாக நடக்கும். தேர்ச்சிக்கு 75 சதவீதம். தப்பான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். பயிற்சிக் காலத்திலேயே ‘மனிதக் காரணிகள்’ (வேலையில் மனிதர் ஏன் தவறு செய்கிறார் என்பது) பற்றிய ஒன்பதாம் மாட்யூலைப் படிக்க ஆரம்பியுங்கள். நான் அதைப் படிக்கும்போது அந்த 10 எம்எம் சாக்கெட் ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நின்றது.