பயிற்சியின் பலனைக் காட்டும் காலை நாடித்துடிப்பு

நடைப்பயிற்சியோ ஓட்டமோ இதயத்துக்குப் பலன் தருகிறதா என்று அறிய விலையுயர்ந்த ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. காலையில் கண்விழித்ததும், படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்பே, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் நாடித்துடிப்பை எண்ணி, நாட்காட்டியில் குறித்து வாருங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பும் கணக்கில் கலந்துவிடும்.

ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் போதுமானது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அனுப்பும் இதயம் அதற்காகச் சுமார் 72 முறை துடிக்க வேண்டும். ஆனால் தொடர்ந்த பயிற்சியால் இரத்தத்தின் மொத்த அளவு கூடி, இடது கீழறையும் சற்று விரிந்து, ஒரு துடிப்புக்கு 90 மில்லிலிட்டர் அனுப்பப் பழகிவிட்ட இதயத்துக்கு ஏறத்தாழ 55 துடிப்புகளே போதும். இந்த மாற்றம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்தான் தெரியும் என்பதால், ஒருநாள் எண்ணிக்கையைக் கண்டு சோர்ந்துவிடாமல் வாரச் சராசரிகளை ஒப்பிடுவதே சரி.

காய்ச்சல் அடிக்கும்போதும் இரவில் தூக்கம் கெட்ட மறுநாளும் துடிப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும், துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. துடிப்பு குறைவதோடு தலைச்சுற்றலோ மயக்கமோ வந்தால், அதைப் பயிற்சியின் பலன் என்று எண்ணி இருந்துவிடாமல், உடனே மருத்துவரைப் பாருங்கள்.