கார்பல் டனல் ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா, எப்படி முடிவு பண்றது

எங்கம்மா இருபத்தஞ்சு வருஷம் தையல் மெஷின்ல உக்காந்தவங்க. வலது கை ராத்திரியில மரத்துப்போகுதுன்னு சொல்ல ஆரம்பிச்சு நாலு வருஷம் கழிச்சுத்தான் ஆபரேஷன் பண்ணோம். அதே கடைல கட்டிங் போடற எனக்கு போன வருஷம் அதே பிரச்சினை வந்துச்சு, நான் இன்னும் பண்ணல. அம்மாவுக்கு பண்ணது லேட்டு, நான் பண்ணாம இருக்கறது இப்போதைக்கு சரி. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு புரிஞ்சா உங்க கைக்கு நீங்களே பாதி முடிவுக்கு வந்துரலாம், மீதி பாதிக்குத்தான் டாக்டர்.

கார்பல் டனல்ங்கறது மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போற பிரச்சினை. மொதல்ல உங்களுக்கு இருக்கறது அதுதானான்னு பாருங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல நடுவிரல் பக்கம் இருக்கற பாதி, இவ்வளவுதான் அந்த நரம்போட ஏரியா. சுண்டுவிரல் மரத்துப்போச்சுன்னா அது வேற நரம்பு, பெரும்பாலும் முழங்கைல மாட்டியிருக்கும். கழுத்த திருப்புனா கை வரைக்கும் சுர்ருன்னு இழுக்குதுன்னா கழுத்து எலும்ப பாக்கணும். சுகர் இருந்து ரெண்டு பாதமும் எரியுது, கையும் மரக்குதுன்னா கதை வேற, ஆனா சுகர்காரங்களுக்கு கார்பல் டனலும் சேர்ந்தே வரலாம், அதனால டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லுங்க. வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாம், ரெண்டு புறங்கையையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விரல் தரைய பாக்கற மாதிரி ஒரு நிமிஷம் வைங்க, அந்த மூணரை விரல்ல விறுவிறுன்னு ஏறுனா சந்தேகம் பலமாகுது. எனக்கு இருபது செகண்ட்லயே ஏறிருச்சு.

உள்ள நடக்கறது இதுதான். மணிக்கட்டுல எலும்பு சேர்ந்து ஒரு பள்ளம் மாதிரி இருக்கு, அதுக்கு மேல கெட்டியான ஒரு பட்டை மூடி மாதிரி கட்டியிருக்கு, அந்த சந்துக்குள்ள விரல மடக்கற ஒம்போது டெண்டனும் (சதைய எலும்போட சேர்க்கற கயிறு மாதிரி நார்) மீடியன்னு ஒரே ஒரு நரம்பும் போகுது. காலைல எட்டரை மணி டவுன் பஸ்தான், உள்ள இருக்கறவங்க கொஞ்சம் வீங்குனாலும் நசுங்கறது அந்த ஒத்த நரம்புதான். ஆபரேஷன்ல வெட்டறது மேல இருக்கற அந்த பட்டைய மட்டும். இத ஏன் அழுத்தி சொல்றேன்னா நம்ம ஊர்ல ரத்தக்குழாயும் நரம்பு, டெண்டனும் நரம்பு, நரம்பும் நரம்பு. கார்பல் டனல் ஆபரேஷன்னு சொன்னதும் அம்மா கேட்ட மொத கேள்வி "நரம்ப வெட்டிட்டா கை விளங்காம போயிருமே". அந்த பயத்துலயே ரெண்டு வருஷம் போச்சு.

கத்திக்கு முன்னாடி ரத்த டெஸ்ட். தைராய்டு கம்மியா இருந்தாலும் சுகர் ஏறியிருந்தாலும் இது வரும், மூட்டு வாதம் இருந்தாலும் வரும், மணிக்கட்டு எலும்பு ஒடைஞ்சு கூடுனவங்களுக்கும் வரும். மாசமா இருக்கறப்ப வந்துச்சுன்னா அவசரப்படவே வேண்டாம், பிரசவத்துக்கு அப்பறம் பெரும்பாலும் தானா அடங்கிரும், அதுவரைக்கும் ராத்திரி ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டு மடங்காம புடிச்சுக்கற தகடு வச்ச பட்டை, போதும்.

அந்த ஸ்பிளின்ட்ட பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் தப்பா போட்டுட்டு வேலை செய்யலன்னு தூக்கி போட்டுடறாங்க. தூக்கத்துல நம்மள அறியாம மணிக்கட்ட மடக்கிக்கறோம், அப்ப சந்துக்குள்ள அழுத்தம் ஏறுது, ராத்திரி முழிப்பு வர்றது அதனாலதான். அதனால ஸ்பிளின்ட் ராத்திரிதான் முக்கியம், மணிக்கட்டு நேரா இருக்கணும். கடைல கிடைக்கற பலதுல உள்ள இருக்கற தகடு கைய மேல தூக்கி வைக்கிற மாதிரி வளைஞ்சிருக்கும், அந்த தகட உருவி நேராக்கி மறுபடி சொருகுங்க. ஆறு வாரம் விடாம போடணும், மூணு நாள் போட்டுட்டு சொல்லக்கூடாது. ரொம்ப இறுக்கியும் கட்டாதீங்க.

அடுத்து மணிக்கட்டுல போடற ஸ்டீராய்டு ஊசி. போட்டா பல பேருக்கு சில வாரம் இல்ல சில மாசம் நல்லா இருக்கும், அப்பறம் திரும்பி வர்றது சகஜம். ஸ்வீடன்ல ஸ்பிளின்ட் போட்டும் கேக்காதவங்களுக்கு ஊசி போட்டு பாத்தாங்க, 2013-ல ரிசல்ட் வந்துச்சு, கூடுதல் டோஸ் போட்டவங்கள்லயே கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷனுக்கு போயிட்டாங்க. அதுக்காக ஊசி வேஸ்ட்டுன்னு இல்ல, பொண்ணு கல்யாணம் இருக்கு, சீசன் முடியணும்னு கொஞ்ச காலம் வாங்கறதுக்கு நல்ல வழி. இன்னொன்னு, ஊசிக்கு நல்லா கேட்டுச்சுன்னா பிரச்சினை அந்த இடத்துலதான்னு உறுதியாகுது. சுகர் இருந்தா ஊசி போட்ட சில நாள் சுகர் ஏறும், பாத்துக்கங்க.

மெடிக்கல்ல கேட்டதும் குடுக்கற நரம்பு மாத்திரை? அம்மா டப்பா டப்பாவா சாப்பிட்டாங்க. அதுல இருக்கற பி6 வைட்டமின் கார்பல் டனல சரி பண்ணும்னு நிரூபணம் ஆகல, அளவுக்கு மீறி ரொம்ப நாள் சாப்பிட்டா அதுவே நரம்ப கெடுக்கும். தைலம் தேய்க்கறது சுகமா இருக்கும், அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எல்லாரும் வலிய வச்சுத்தான் முடிவு பண்றாங்க, வலி அதிகமானா ஆபரேஷன், குறைஞ்சா வேண்டாம்னு. நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். மூணாவது வருஷம் அம்மாவுக்கு ராத்திரி முழிப்பு குறைஞ்சுச்சு, வலியும் கம்மி, சரியாயிருச்சுன்னு சந்தோஷப்பட்டோம். ஆனா பகல்லயும் விரல் மரத்தே கிடந்துச்சு, ஜாக்கெட்டுக்கு கொக்கி வைக்கறப்ப ஊசி நழுவி விழுந்துச்சு, டீ டம்ளர் ரெண்டு தடவை கைய விட்டு போச்சு. ஒரு நாள் ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல வச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, வலது கட்டைவிரலுக்கு கீழ இருக்கற சதை மேடு தட்டையா போயிருந்துச்சு. வலி குறைஞ்சது நரம்பு சரியானதால இல்ல, வலிய சொல்லக்கூட அதுக்கு தெம்பு இல்லாததால.

அதனால நீங்க பாக்க வேண்டியது இதெல்லாம். மரப்பு வந்து வந்து போகுதா, இல்ல நாள் பூரா நிக்குதா? கைய மல்லாத்தி மேசைல வச்சு கட்டைவிரல நேரா மேல தூக்குங்க, இன்னொருத்தர் அத கீழ அமுக்கட்டும், ரெண்டு கைக்கும் வித்தியாசம் இருக்கா? சட்டை பட்டன், கொக்கி, சில்லறை காசு எடுக்கறது, இதுல தடுமாற்றம் வந்துச்சா? சதை மேடு வத்துதா? வந்து போற மரப்பு மட்டும்னா உங்களுக்கு டைம் இருக்கு, ஸ்பிளின்ட், ஊசின்னு முயற்சி பண்ணுங்க. மரப்பு நிரந்தரமாயிருச்சு, பலம் குறைஞ்சிருச்சு, சதை வத்துதுன்னா இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம்.

என்.சி.எஸ்-னு ஒரு டெஸ்ட் எழுதுவாங்க, சின்ன சின்னதா ஷாக் குடுத்து நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுன்னு பாப்பாங்க, கொஞ்சம் வெடுக்குனு இருக்கும், பயப்படற அளவுக்கு இல்ல. மைல்டு, மாடரேட், சிவியர்னு ரிப்போர்ட் வரும். ஆரம்பத்துல நார்மல்னு கூட வரலாம், அதனால ரிப்போர்ட்ட மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஆனா சிவியர்னு வந்தா அலட்சியமும் பண்ணாதீங்க. எனக்கு மைல்டு.

நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் குழப்பம். 2002-ல வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒண்ணுல 176 பேர்ல பாதிக்கு ஸ்பிளின்ட், பாதிக்கு ஆபரேஷன்னு பிரிச்சாங்க. மூணு மாசத்துல ஆபரேஷன் பக்கம் 80 சதவீதம் பேருக்கு நல்லாச்சு, ஸ்பிளின்ட் பக்கம் 54. ஒன்றரை வருஷத்துல 90-க்கு 75, ஆனா அதுக்குள்ள ஸ்பிளின்ட் குரூப்ல 41 சதவீதம் பேர் ஆபரேஷனும் பண்ணிட்டாங்க. நான் இத ரெண்டு விதமாவும் படிக்கறேன், ஆபரேஷன் நிஜமாவே வேலை செய்யுது, அதே சமயம் ஆபரேஷன் இல்லாமலே சமாளிச்சவங்களும் நிறைய பேர்.

ஆபரேஷன் சின்னதுதான். பெரும்பாலும் கைய மட்டும் மரக்க வச்சு, இருபது நிமிஷம் போல, அன்னைக்கே வீடு. உள்ளங்கைல சின்னதா கிழிக்கறது ஒரு வகை, கேமரா வச்சு இன்னும் சின்ன ஓட்டைல பண்றது இன்னொண்ணு, பின்னதுல கொஞ்சம் சீக்கிரம் வேலைக்கு போகலாம், கடைசில ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுக்காக கூடுதலா கடன் வாங்காதீங்க. ஆர்த்தோ, பிளாஸ்டிக் சர்ஜரி, நியூரோ சர்ஜரி மூணு பேரும் பண்றாங்க, அடிக்கடி பண்ற கை யாருதுன்னு கேளுங்க. சென்னைல ஸ்டான்லி ஜி.ஹெச்-ல கைக்குன்னே தனி பிரிவு ரொம்ப வருஷமா இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லுங்க. இன்ஃபெக்ஷன், தழும்புல கூச்சம், பட்டை முழுசா வெட்டாம மறுபடி பண்ண வேண்டி வர்றது, அபூர்வமா நரம்புலயே அடி, இந்த ரிஸ்க்கெல்லாம் இருக்கு, கேட்டு தெரிஞ்சுக்கங்க.

யாரும் முன்கூட்டி சொல்லாதது அதுக்கப்பறம் வர்ற நாள்கள பத்தி. தையல் பிரிக்க பத்து பதினாலு நாள், அதுவரைக்கும் கட்டு நனையக்கூடாது. ஒரே தடவையா ரெண்டு கையும் முடிச்சுரலாம்னு சில பேர் சொல்லுவாங்க, யோசிச்சு ஒத்துக்கங்க, சாப்பிட ஒரு கை வேணும், கழுவ ஒரு கை வேணும், வீட்ல ஆள் இல்லன்னா திண்டாட்டம்தான். உள்ளங்கையோட அடில ரெண்டு பக்கமும் ஒரு வலி வரும், ஊனி எந்திரிச்சா தெரியும், அது ரெண்டு மூணு மாசம் கூட இருக்கும், ஆபரேஷன் ஃபெயில்னு பயப்படாதீங்க. மேசை வேலைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல போகலாம், மாவு பிசையறது, துணி பிழியறது, வெயிட் தூக்கறதுக்கெல்லாம் ஆறு வாரத்துக்கு மேல ஆகும், பிடி முழுசா வர மூணு மாசம். அந்த மூணு மாச வருமானத்த கணக்குல எடுத்துத்தான் தேதி குறிக்கணும். அம்மா தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும்னு தள்ளுனதும் அதனாலதான், தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆபரேஷன் முடிஞ்ச மொத வாரமே அம்மா ராத்திரி முழுசா தூங்குனாங்க. விரல் மரப்பு ஏழெட்டு மாசத்துல பாதி குறைஞ்சுது. சதை மேடு வரல, ஊசில நூல் கோக்கறதுக்கு இன்னமும் என்னத்தான் கூப்பிடறாங்க.

நான் ஸ்பிளின்ட் போட்டு தூங்கறேன், கனமான கத்தரிய குறைச்சுக்கிட்டேன், மாசம் ஒரு தடவை ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வச்சு போட்டோ எடுத்து போன மாசத்தோட ஒப்பிட்டு பாக்கறேன். கொக்கி கைய விட்டு நழுவுற அன்னைக்கு தேதி கேக்க போயிருவேன், தீபாவளிக்கு முந்தின வாரமா இருந்தாலும்.