தெருமுனைப் பலகையில் செய்தி எழுதுவது எப்படி

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் நாலுக்கு மூன்று அடியில் ஒரு கரும்பலகை. தினமும் காலை ஏழரைக்குள் அதில் ஐந்தாறு வரி எழுதிவிடுவேன். இன்று எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, எங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், சப்வேயில் தண்ணீர் நிற்கிறதா, சாயங்காலம் எந்த மண்டபத்தில் என்ன. எழுதி முடித்ததும் யாராவது படமெடுத்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆரம்பித்தது இது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. மறுநாள் பால் வண்டி எங்கே வரும் என்று கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். அதைப் படிக்க வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல, அதையும் கீழே எழுதினேன். தண்ணீர் வடிந்த பிறகும் ஜனங்கள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, "அக்கா, எங்க தெருவிலயும் ஒண்ணு வைக்கணும். எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லையை முடிவு பண்ணுங்கள். சந்தேகம் வந்தால் பத்து நிமிஷத்தில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர முடிகிற தூரம்தான் உங்கள் எல்லை. என் பலகைக்கு ஆறு தெரு, ரயில் பாதைக்கு அடியில் தி.நகருக்குப் போகும் துரைசாமி சப்வே, மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன். தி.நகர் முழுக்க, சென்னை முழுக்க என்று ஆசைப்பட்டால் நாலாவது நாளே வந்ததை அப்படியே எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். ஊர்ச் செய்திக்குப் பேப்பர் இருக்கிறது. பன்னிரண்டாம் நம்பர் வீட்டு எதிரே மூடி இல்லாத மேன்ஹோல் எந்தப் பேப்பரிலும் வராது. பலகையின் மேல் ஓரத்தில் வார்டு எண்ணையும் பெயின்டில் எழுதிவிடுங்கள். எங்கள் கோடம்பாக்கம் மண்டலத்தில் 127 முதல் 142 வரை வார்டுகள் இருக்கின்றன. தங்கள் வார்டு எது என்று பலருக்குத் தெரிவதில்லை. மாநகராட்சியில் புகார் சொல்லும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்து, கண்கள் வேண்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நேரத்திலும் தெருவில் யாராவது இருக்கிறார்கள். விடியற்காலை நாலரைக்குப் பால் போடும் தம்பி, ஐந்தரைக்குப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, ஆறு மணிக்கு வாக்கிங் போகும் மாமா, எட்டு மணி ஸ்டாண்ட் ஆட்டோ அண்ணன்கள், பகலெல்லாம் இஸ்திரி வண்டிக்காரர், சாயங்காலம் பூக்கார அம்மா. இவர்களிடம் "ஏதாவது செய்தி இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். "வர்ற வழியில எங்கயாவது ரோட்டைச் சுரண்டிப் போட்டிருக்காங்களா?" என்று கேளுங்கள். "ஆமா, ஸ்டேஷன் பக்கம் நேத்து ராத்திரியே சுரண்டிட்டாங்க, மேன்ஹோல் மூடி எல்லாம் மேல தூக்கிட்டு நிக்குது" என்று தானாக வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வரியிலும் மூன்று இருக்க வேண்டும்: எந்த இடம், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். 2021 நவம்பர் மழையில் ஒரு காலை, தெரிந்தவர் ஒருவர் போன் பண்ணி, "துரைசாமி சப்வே போகுது" என்றார். நானும் "துரைசாமி சப்வே: போகலாம்" என்று எழுதிவிட்டேன். அவர் அந்த வழியாக வந்தது விடியற்காலையில். எனக்குச் சொன்னது ஏழு மணிக்கு. நடுவில் பெய்த மழையில் தண்ணீர் ஏறி, தடுப்பு வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவர் பலகையைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் கிளம்பினார். சப்வே வாய் வரை போய்த் திரும்பி, கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறிச் சுற்றிப் போனதில் ஒன்றரை மணி நேரம் தாமதம். சாயங்காலம் அவர் வீட்டு மாமி கடைக்கு வந்தார். திட்டவில்லை. "போர்டுல எழுதியிருந்ததேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்:

"துரைசாமி சப்வே. காலை 7.10. நடுவில் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்டோ இறங்கவில்லை. பார்த்தது: பால் தம்பி. கார், ஆட்டோ கோடம்பாக்கம் பாலம் வழியாக."

நேரம் இருந்தால் படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். ஒன்பது மணிக்கு அதைப் படிப்பவர், "இரண்டு மணி நேரம் ஆச்சே, ஒரு தடவை கேட்டுட்டுப் போவோம்" என்று நினைப்பார். "கடும் நெரிசல்", "பெரும் பாதிப்பு" என்பதெல்லாம் பலகையில் வேண்டாம். எந்த முனையிலிருந்து எந்த முனை வரை வண்டி நிற்கிறது என்று எழுதினால் போதும்.

மின்தடைக்கு வருவோம். பராமரிப்புக்காக நிறுத்துவது முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை. ஆனால் அந்தப் பட்டியலில் ஏரியா பெயர் மின்வாரியம் வைத்த பெயராக இருக்கும். நாம் மேற்கு மாம்பலம் என்று தேடிக்கொண்டிருப்போம், நம் தெரு வேறொரு தலைப்பின் கீழ் இருக்கும். ஒருநாள் உட்கார்ந்து, உங்கள் ஆறு தெருவிலும் தெருவுக்கு ஒரு வீட்டு மின் கட்டண விவரத்தை வாங்கி, எந்தப் பிரிவு அலுவலகம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதனால் "கிழக்குப் பக்க வீடுகள் மட்டும்" என்று எழுத வேண்டியிருக்கும். வேலை சீக்கிரம் முடிந்தால் கரண்ட் முன்னதாகவே வந்துவிடும். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கும், மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே விட்டுப் போகிறவர்களுக்கும் இதை ஞாபகப்படுத்துங்கள். சொல்லாமல் போகும் கரண்டுக்கு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. அதையும், மாநகராட்சியின் 1913, குடிநீர் வாரியத்தின் 1916 ஆகியவற்றையும் பலகையின் அடியில் அழியாத பெயின்டில் எழுதிவிடுங்கள்.

குடிநீர் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. "தண்ணி வாடை அடிக்குது" என்று நாலு பேர் வந்து சொல்வார்கள். அப்படியே எழுதிவிடாதீர்கள். கதவு எண் கேளுங்கள். போன வருஷம் எங்கள் பக்கத்துத் தெருவில் இதே புகார். நானும் இஸ்திரிக்காரரும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பத்தாம் நம்பர் வரை தண்ணீர் சுத்தமாக வருகிறது. பன்னிரண்டிலிருந்து இருபது வரை வாடை. அதற்கு அப்பால் வேறு குழாய், அங்கே பிரச்சினை இல்லை. பலகையில் அதை எழுதி, புகாரிலும் அதையே சொன்னோம். வந்தவர்கள் தெரு முழுக்கத் தோண்டாமல், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தோண்டினார்கள். கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டு, குடிநீர்க் குழாயின் ஜாயின்ட் அருகிலேயே கசிந்துகொண்டிருந்தது. சரி செய்து முடிக்கும்வரை எந்த வீட்டுக்காரர்கள் குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம், லாரி எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்பதை மட்டும் தினமும் மாற்றி மாற்றி எழுதினேன்.

போக்குவரத்து மாற்றங்களை போக்குவரத்துக் காவல்துறை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு நீளமாக இருக்கும், ஊர் முழுவதற்குமாக எழுதியிருப்பார்கள். நம் வேலை அதை நம் வாசலிலிருந்து திருப்பி எழுதுவது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் மெட்ரோ வழித்தடம் பனகல் பூங்கா, கோடம்பாக்கம் வழியாகத்தான் போகிறது. அந்த வேலைக்காக ஒரு சாலை அடைபட்டால், அடைபட்ட சாலையின் பெயரை எழுதுவது பாதி வேலைதான். "இங்கிருந்து பாண்டி பஜார் போக இந்த வழி, திரும்பி வர இந்த வழி" என்று எழுதினால் முழு வேலை. எழுதும் முன் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ அண்ணனிடம் கேட்டுவிடுங்கள். எந்தத் தெரு ஒருவழி, எந்தத் தெருவில் ஸ்கூல் விடும் நேரம் நுழையவே முடியாது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

சனிக்கிழமை பலகையில் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் பராமரிப்பு வேலைக்காக மின்சார ரயில்களை நிறுத்துவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். தெற்கு ரயில்வே முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையைக் கட்டாயம் ஞாபகப்படுத்துவேன். வயதானவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமல் மேலேயே போய்விடலாம்.

விசேஷங்களுக்கு வருகிறேன். மார்கழி பஜனை, அயோத்தியா மண்டபத்தில் ராம நவமிக் கச்சேரி, பிள்ளையார் சதுர்த்திப் பந்தல், ரத்த தானம், நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி. எதுவானாலும் நேரம், இடம், கட்டணம் உண்டா என்பதோடு, மாடி ஏற வேண்டுமா, உட்கார நாற்காலி இருக்கிறதா என்றும் கேட்டு எழுதுகிறேன். இங்கே கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி. இலவச மருத்துவ முகாம் என்று யாராவது நோட்டீஸ் கொண்டுவந்தால், யார் நடத்துகிறார்கள், அங்கே எதையாவது விற்கிறார்களா என்று கேட்காமல் எழுதுவதில்லை. விளம்பரத்துக்குக் காசு தருகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை வாங்கினால் மற்ற வரிகளையும் ஜனங்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

துக்கச் செய்தியை அந்த வீட்டுக்காரர்கள் வந்து சொன்னால் மட்டுமே எழுதுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எடுக்கும் நேரத்தையும், தெருவில் ஷாமியானா போட்டிருப்பதால் எந்த முனையில் வண்டி திரும்ப வேண்டும் என்பதையும் கீழே சேர்த்தால், அந்த வீட்டு வாசலில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது: சந்தேகம். "புதுசா யாரோ சுத்துறாங்க", "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்களாம்" என்று எவ்வளவு பதறிப்போய் வந்து சொன்னாலும் சாக்பீஸை எடுக்காதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்தது. வயதான அம்மா ஒருவர் செத்துப்போனார். அதற்கு முன் பல நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் காரணம். உண்மையிலேயே பயமாக இருந்தால் 100க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். பலகைக்கு அதில் வேலை இல்லை.

மழை நாட்களில் பலகையை மூன்று வேளை எழுத வேண்டியிருக்கும். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக வருவது. நம் தெருவில் எந்த வீட்டு வாசல்படி வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று நாம்தான் எழுத வேண்டும். செம்பரம்பாக்கம் உடைந்துவிட்டது என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கிளப்பிவிடுவார்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி, திறக்கும் தண்ணீர் அடையாற்றில்தான் வரும். அரசு அறிவிப்பில் அன்றைய அடியும் கன அடியும் எத்தனை மணி நிலவரம் என்று பார்த்து, அந்த எண்களை மட்டும் எழுதுங்கள். எழுத்து தெளிவாக நிற்க, சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு எழுதுவேன். காய்ந்ததும் பளிச்சென்று தெரியும், கை பட்டாலும் சட்டென்று அழியாது. சாரல் படாமல் இருக்க, பலகைக்கு மேல் ஒரு முழம் தகரம் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது.

அப்புறம், அழிப்பது. எழுதுவதற்கு எவ்வளவு கவனமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். கரண்ட் வந்ததும் அந்த வரியை அழிக்க வேண்டும், சப்வேயைத் திறந்ததும் அழிக்க வேண்டும். ராத்திரி கடை மூடும்போது பெயின்டில் எழுதிய எண்களைத் தவிர எதுவும் பலகையில் இருக்கக் கூடாது. தவறாக எழுதியிருந்தால் சும்மா துடைத்துவிடாமல், "காலையில் எழுதியது தவறு" என்று போட்டு, சரியானதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். காலையில் படித்துவிட்டுப் போனவர் சாயங்காலம் அந்த வழியாகத்தான் திரும்பி வருவார்.

அந்த இரண்டு பெண்களும் திங்கட்கிழமை தங்கள் தெருவில் பலகை வைத்துவிட்டார்கள். நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது: "பிள்ளையார் கோயில் எதிரே மேன்ஹோல் மூடி இல்லை. காலை 6.20. பார்த்தது: பூக்கார அம்மா. 1913ல் சொல்லியாச்சு, இப்போதைக்கு மரக்கிளை நட்டிருக்கிறோம்."