வெனிஸில் வழி தவறுவது தவறல்ல

முதல் தவறு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ரயில் ஜன்னலில் ‘வெனேசியா மெஸ்த்ரே’ என்ற பெயர்ப்பலகை தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கும் ஊர். அடுக்குமாடிகளும் பஸ் நிறுத்தங்களும்தான் அங்கே உண்டு. கடைசி நிலையமான சாந்தா லூசியா வரை இருக்கையை விட்டு எழக்கூடாது. 1846இல் திறந்த பாலத்தின் மீது ரயில் காயலைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். நிலையத்தை விட்டு வெளியே வந்து படிகளில் நின்றால் எதிரே சாலை இருக்காது. பெருங்கால்வாய்தான் ஓடும்.

இங்கிருந்து நடக்கத் தொடங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வெனிஸை நடந்துதான் பார்க்க முடியும். ஆனால் நடப்பவர்களை நினைத்துக் கட்டிய ஊர் அல்ல அது. மாளிகைகளின் தலைவாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. நாம் நடக்கும் சந்துகள் பெரும்பாலும் அவற்றின் கொல்லைப்புறம். கொல்லை வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறோம் என்பது புரிந்துவிட்டால், ஏன் இப்படி முட்டுகிறது, ஏன் அப்படி வளைகிறது என்ற எரிச்சல் பாதி அடங்கிவிடும்.

அடுத்த தவறு பெட்டி. எங்கள் விடுதியின் குறிப்பில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை என்று போட்டிருந்தது. நடுவில் ஏழு பாலங்கள் என்று போடவில்லை. ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கும் படிக்கட்டு. சக்கரம் வைத்த பெட்டி என்ற கண்டுபிடிப்புக்கு இந்த ஊரில் மதிப்பே கிடையாது. ஒரு பகல் மட்டும் இருப்பவர்கள் பெட்டியை நிலையத்திலேயே காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டு, தோளில் சிறு பையோடு கிளம்பலாம்.

தூரக் கணக்கிலும் இதே சிக்கல்தான். வெனிஸ் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்களால் தைத்துவைத்த ஊர். பெருங்கால்வாயின் நீளம் ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர், அதன் குறுக்கே நடந்து கடக்க இருப்பவை நான்கே நான்கு பாலங்கள். எதிர்க்கரையில் கைதட்டிக் கூப்பிடும் தூரத்தில் தெரியும் கட்டடத்துக்குப் போக அரை மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். இதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் விடை திராகெத்தோ. கொந்தோலா போன்றே இருக்கும் துடுப்புப் படகு. சில துறைகளில் மட்டும் கரைக்குக் கரை கொண்டுபோய் விடும். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு யூரோ. ரியால்தோ சந்தைக்கு எதிரே சாந்தா சோஃபியா துறையில் ஏறிப் பாருங்கள். கொந்தோலாவுக்கு அரை மணிக்கு 90 யூரோ கொடுக்க மனம் வராதவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் போதும். எனக்குப் போதுமாக இருந்தது.

முகவரியை நம்பி அலைவது இன்னொரு தவறு. இங்கே கதவு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரத்துக்குச் சொந்தம். ஊரில் ஆறு வட்டாரங்கள், செஸ்தியெரே என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து தொடங்கி எண்கள் ஓடுகின்றன. சான் மார்க்கோ 1 என்றால் தோஜேயின், அதாவது பழைய வெனிஸ் குடியரசுத் தலைவரின் அரண்மனை. கஸ்தெல்லோ வட்டாரத்தில் எண் ஆறாயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே ‘கஸ்தெல்லோ 4000-சொச்சம்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் வழிகாட்ட முடியாது. பக்கத்தில் என்ன தேவாலயம், எந்தக் காம்போ என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காம்போ என்றால் வயல் என்று பொருள். இங்கே சிறு சதுக்கம். பெரிய சதுக்கத்தைக் குறிக்கும் பியாத்சா என்ற பட்டம் சான் மார்க்கோ சதுக்கம் ஒன்றுக்குத்தான்.

கைபேசி வரைபடம் உதவும், ஓரளவுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்ப வேண்டிய சந்துகளில் நீலப்புள்ளி தடுமாறிப்போய் கால்வாய்க்குள் குதித்துவிடும். தெருப்பெயர்கள் சுவரில் வெள்ளைச் சுண்ணப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்தில் இருக்கும். அவற்றுக்கு நித்சியோலெத்தி, அதாவது குட்டிப் போர்வைகள் என்று பெயர். அவற்றில் வெனிஸ் வட்டார மொழி எட்டிப்பார்க்கும். இத்தாலிய மொழியில் சாந்தி ஜோவான்னி எ பாவ்லோ என்றிருக்கும் தேவாலயம் ஊர்க்காரர்கள் வாயில் சான் சானிபோலோ. இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் அதே சதுக்கத்தை மூன்று முறை சுற்றியவன் நான். ‘அடுமனைச் சந்து’ என்று பொருள்படும் கால்லே தெல் ஃபோர்னோவும் ஊரில் ஒன்றல்ல, பல. முக்கியத் திருப்பங்களில் ‘பெர் ரியால்தோ’, ‘பெர் சான் மார்க்கோ’ என்று மஞ்சள் பலகைகள் உண்டு. திரும்பி வர அவை போதும். போகும்போது அவற்றைப் பின்தொடர்வதுதான் தவறு. எல்லோரும் அவற்றின் பின்னால்தான் போகிறார்கள்.

சான் மார்க்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. பகல் பதினோரு மணிக்கு அங்கே போகிறவர் சதுக்கத்தைப் பார்ப்பதில்லை, முதுகுகளைப் பார்க்கிறார். விடியற்காலையில் போனால் கல்தரையும் புறாக்களும் நீங்களும்தான். புறாக்களுக்குத் தீனி போடாதீர்கள். 2008 முதல் தடை. சதுக்கத்தில் இருக்கும் பசிலிக்கா தேவாலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பைக்கு அனுமதி இல்லை. மணிக்கூண்டில் ஏறப் பெரிய வரிசை நிற்கும். 1902இல் பழைய கூண்டு சரிந்து விழுந்து, 1912இல் அதே தோற்றத்தில் மீண்டும் எழுந்தது. உச்சியிலிருந்து எல்லாம் தெரியும், அந்தக் கூண்டு மட்டும் தெரியாது. எதிரே தண்ணீருக்கு அப்பால் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவில் இன்னொரு மணிக்கூண்டு இருக்கிறது, லிஃப்ட் வசதியோடு. நான் அதற்குத்தான் போகச் சொல்வேன்.

பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25இல் தொடங்கியது. எல்லா நாளும் கிடையாது. அறிவித்த நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை ஊருக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். முதல் ஆண்டில் 5 யூரோ. 2025இல் கடைசி நேரத்தில் பதிவு செய்தவர்களுக்கு 10 யூரோ ஆனது. ஊரில் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையும் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கிளம்புமுன் அந்த ஆண்டின் தேதிப் பட்டியலைப் பாருங்கள்.

நடையிலும் ஒரு மரியாதை இருக்கிறது. சந்தில் வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக. பாலத்தின் உச்சியில் நான்கு பேர் கைகோத்துப் படம் எடுக்கும்போது, பின்னால் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி நிற்கிறார். அவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழி. பாலப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம் போடுவார்கள். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கால்வாயில் குளிக்க முடியாது.

சாப்பாட்டில் நாம் செய்யும் தவறு, கால் வலிக்கிறதே என்று முதலில் கண்ணில் படும் மேசையில் உட்கார்ந்துவிடுவது. சான் மார்க்கோ சதுக்கத்துக் காபிக்கடையில் அமர்ந்தால், இசைக்குழு வாசிக்கும்போது அதற்கும் சேர்த்துப் பில் வரும். ஊர்க்காரர்களைப் போல நின்றுகொண்டே குடித்தால் செலவு குறைவு. பாக்கரோ என்னும் சிறு மதுக்கடைகளில் கண்ணாடிக்குள் வரிசையாகச் சிக்கெத்தி வைத்திருப்பார்கள். ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது ஒன்று. சைவர்கள் வெள்ளையாக, வெண்ணெய் போல இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் பக்காலா மந்தெகாத்தோ, கருவாட்டு மீனை இழைத்துச் செய்தது. ரியால்தோ மீன் சந்தையைப் பார்க்க ஆசை இருந்தால் காலையில் போங்கள். ஞாயிறும் திங்களும் இல்லை.

ஒரே நாளில் முரானோ, புரானோ தீவுகளையும் சேர்த்துக்கொள்வது பேராசை. புரானோவுக்குப் படகில் மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த நேரத்தைக் கன்னரேஜோ வட்டாரத்துக்குக் கொடுக்கலாம். 1516இல் யூதர்களை அடைத்துவைத்த கெத்தோ அங்கேதான். உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல் பிறந்த இடம். விரிய இடம் கொடுக்காததால் வீடுகள் மேலே மேலே வளர்ந்தன. சுற்றுப்புறத்தில் இல்லாத உயரம், தலை இடிக்கும் மாடிகள். அங்கிருந்து ரியால்தோவை நோக்கி வரும் வழியில், மாலிப்ரான் அரங்கத்துக்குப் பின்னால், கோர்த்தே செகோந்தா தெல் மிலியோன் என்ற சிறு முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த பகுதி அது. காயல் நடுவே பிறந்த அந்த வணிகர்தான் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் விவரித்தவர். அந்த நாட்டில் யாரும் சட்டையே போடுவதில்லை, தையற்காரருக்கு வேலையே இல்லை என்று வியந்தும் போயிருக்கிறார். முற்றத்தில் நுழைவுச்சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை. கல்லில் செதுக்கிய பழைய வளைவு ஒன்று மட்டும் மேலே நிற்கும். வீட்டுக்கு அடியில் புகுந்து போகும் தாழ்வான இருட்டுப் பாதையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். முதல் முறை நான் அதை யாரோ வீட்டு வாசல் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.