பல்லுக்கொழுக்கட்டைக்கு அப்புறம் நாம் விடும் பிழைகள்

பிள்ளைக்கு முதல் பல் எட்டிப் பார்த்ததும் எங்கள் வீடுகளில் கொழுக்கட்டை அவிப்போம். தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி, தலையில் கொட்டி, புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்போம். அதற்குள் ஒரு பிரஷை வைத்தவர்களை நான் கண்டதில்லை. நானும் வைக்கவில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அத்தனை பேர் கூடிக் கொண்டாடிய பல், மகளுக்கு 3 வயதாகுமுன்பே சூத்தையாகிவிட்டது.

"விழப்போகிற பல்தானே" என்று விட்டதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகள் எல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவைதான். முந்திப் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சரிந்துவிடும், புதுப் பல் கோணலாக முளைக்கும். பால்பல்லின் மேல் ஓடான எனாமல் மெல்லியது என்பதால் சூத்தை வேகமாக உள்ளே இறங்கும்.

என் மகளுக்கு நடந்தது போத்தல் விஷயம். பால்மா கரைத்து, சீனி போட்டு, சூப்பிப் போத்தலை வாயில் வைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் சுரக்கும். கழுவிவிட ஆளில்லாமல் பால் மேல் முன்பற்களைச் சுற்றியே தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடியிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். மேலே நாலு பல்லும் கறுத்து, கீழே முத்துப்போல இருந்தால் காரணம் அநேகமாகப் போத்தல்தான். பாலைக் குடிக்கக் கொடுத்து, பல்லைத் தீட்டி, அப்புறம் படுக்க வையுங்கள். இரவில் தாகம் என்றால் தண்ணீர் போதும். 1 வயதானதும் போத்தலைவிட்டுக் கோப்பைக்கு மாற்றத் தொடங்கலாம். சூப்பியைத் தேனில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் மோசம். 1 வயதுக்குள் தேன் எந்த வடிவத்திலும் ஆகாது.

பற்பசையில் இரண்டு விதமாகப் பிழை விடுகிறோம். சிலர் "விழுங்கிவிடும்" என்று பயந்து சூத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு இல்லாததைத் தேடி வாங்குகிறார்கள். சிலர் விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நிறையப் பிதுக்குகிறார்கள். 3 வயது வரை ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி அளவு. டியூபில் ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் (ppm) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சிப்போய்ப் பல்லில் கறை படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அது மிகக் குறைவு. ஆகவே இங்கே பற்பசையைத்தான் நம்ப வேண்டும். தீட்டியபின் நுரையைத் துப்பினால் போதும், வாயை அலம்பி அந்த ஃபுளோரைடையும் வெளியேற்ற வேண்டாம்.

"தானே தீட்டப் பழகட்டும்" என்று 3 வயதில் பிரஷைக் கையில் கொடுத்துவிடுவதை அப்பம்மாமார் பெருமையாகச் சொல்வார்கள். தீட்டட்டும், ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் ஒருமுறை தீட்டிவிட வேண்டும். சப்பாத்து நூலைத் தானாகக் கட்டும் வயது, அதாவது 7, 8 வரை. மடியில் தலையை வைத்துப் படுக்கவிட்டால் உள்பக்கமெல்லாம் தெரியும். கத்துவார்கள்தான்.

இனிப்பில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தரம் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தரமும் வாயில் அரை மணித்தியாலம் அளவுக்கு அமிலம் நிற்கும். ஸ்கூல் வானில் காலி வீதி நெரிசலில் ஒரு டொபியைச் சப்பிக்கொண்டே வருவதைவிட, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு துண்டு கேக் பரவாயில்லை.

எனக்கே தெரியாமல் இருந்த ஒன்று: 6 வயதளவில் பல் வரிசையின் கடைசியில், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பலர் பால்பல் என்று நினைத்து விட்டுவிட்டு, 9 வயதில் பிடுங்கக் கொண்டுபோகிறார்கள்.

காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தால் "பல் முளைக்குது" என்று சொல்லி இருந்துவிடாதீர்கள். முரசு (ஈறு) ஊறும், வீணி வடியும், அவ்வளவுதான். கடுங்காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கும், வைத்தியரிடம் காட்டுங்கள்.

வலி வந்தபிறகுதான் பல் வைத்தியர் என்பதும் பிழை. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் மேலுதட்டைத் தூக்கி முரசோரம் பாருங்கள். சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கம், அந்தக் கட்டத்தில் இன்னும் மீட்கலாம். தனியார் கிளினிக் செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கொழும்பு 7 வோர்ட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

விழுந்து அடிபட்டுப் பால்பல் முழுதாகக் கழன்றால் திரும்பப் பொருத்தப் பார்க்காதீர்கள், உள்ளே வளரும் பல்லைக் கெடுத்துவிடும். நிரந்தரப் பல் கழன்றால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் ஓடுங்கள்.