பைக் பயணத்துக்கு வழிகாட்டும் செயலி: இலவசம் போதுமா, சந்தா கட்டலாமா?

பைக்கில் நெடுந்தூரம் போகத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்தச் செயலி நல்லது?" என்றுதான். பணம் கட்டினால் இன்னும் நல்ல வரைபடம் கிடைக்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அப்படி இல்லை. பைக் ஓட்டுகிறவர்களுக்கென்றே வந்த கலிமோட்டோ, குர்விகர் போன்ற சந்தா உள்ள செயலிகளும், ஒரு காசும் வாங்காத ஆர்கானிக் மேப்ஸும் சாலை விவரங்களை ஒரே இடத்திலிருந்துதான் எடுக்கின்றன. 2004இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் அந்த இடம். அதில் விடுபட்ட சாலை, சந்தா கட்டியவருக்கும் தெரியப்போவதில்லை.

அப்படியானால் பணம் எதற்கு? வழியைத் தேர்ந்தெடுக்கும் விதத்துக்கும், சில வசதிகளுக்கும். அவை உங்களுக்குத் தேவையா என்பதை இரண்டு மூன்று நாட்களில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: கடைசி ஐந்து சவாரிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதினால் போதும். எங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள், வழியில் எத்தனை இடங்களில் சிக்னல் போனது. ஐந்தில் நான்கு வேலைக்கும் கடைக்கும் போய்வந்தவை என்றால், உங்களுக்கு இலவசச் செயலியே சரி. நெரிசலைக் கணிப்பதில் கூகுள் மேப்ஸையும் வேஸையும் சிறிய கட்டணச் செயலிகள் எட்டிப்பிடிப்பது கடினம். சாலையில் போகும் எண்ணற்ற செல்பேசிகள் நகரும் வேகத்தை வைத்தே அவை நெரிசலை அறிகின்றன. அத்தனை பயனர்கள் சிறிய நிறுவனங்களுக்கு இல்லை. வேஸில் வாகன வகையை மோட்டார் சைக்கிள் என்று மாற்றிவைக்கலாம். கூகுள் மேப்ஸிலும் சில நாடுகளில் இருசக்கர வாகனத்துக்குத் தனி முறை உண்டு. பலர் இதைத் தொட்டுப் பார்க்காமல் காருக்கான வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

படி 2: வீட்டிலேயே இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள்

செல்பேசியில் உள்ள ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சைகையைப் பெறுகிறது. நாம் இருக்கும் இடத்தை அறிய அதற்கு இணையம் கட்டாயமில்லை. வரைபடத்துக்கும் புதிய வழியைக் கணக்கிடுவதற்கும்தான் பல செயலிகளுக்கு இணையம் வேண்டும். மலைப்பாதையில் நடுவழியில் தவிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீலப்புள்ளி சரியாக நகர்ந்துகொண்டிருக்கும், அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம் இருக்கும்.

எனக்கும் இது நடந்தது. வரைபடம் திரையில் இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துக் கிளம்பினேன். சிக்னல் இல்லாத ஓரிடத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். வேறு வழி கணக்கிட முடியாமல் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. இருட்டும் நேரம். வந்த வழியே திரும்பி, சிக்னல் கிடைக்கும்வரை போக வேண்டியதாயிற்று.

அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். முதலில், போகப்போகும் பகுதியின் வரைபடத்தைச் செயலியில் பதிவிறக்குங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். இருப்பிட வசதி மட்டும் இயங்கட்டும். இப்போது வழி கேளுங்கள். வழி வந்தால் பாதி வெற்றிதான். அப்படியே தெருவுக்குப் போய், அது சொல்லும் திருப்பத்தை வேண்டுமென்றே தவறவிடுங்கள். இணையம் இல்லாமலே அது மாற்று வழி சொல்கிறதா என்று பாருங்கள். ஆர்கானிக் மேப்ஸும், ஓஸ்மாண்ட் என்ற செயலியும் இதை நன்றாகச் செய்கின்றன. ஓஸ்மாண்டின் இலவசப் பதிப்பில், ஆண்ட்ராய்டில், வரைபடப் பதிவிறக்கத்துக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஒரே பகுதியில் ஓட்டுகிறவருக்கு அது இடைஞ்சல் இல்லை.

படி 3: ஒரே பயணத்தைப் பல செயலிகளில் போட்டுப் பாருங்கள்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அழகான பழைய சாலை ஒன்றும் வேகமான நெடுஞ்சாலை ஒன்றும் சேர்ந்து ஓடும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவான செயலி ஏறக்குறைய எப்போதும் நெடுஞ்சாலையைத்தான் காட்டும். அதன் கணக்கில் நேரமே முதன்மை. நெடுஞ்சாலையைத் தவிர் என்று அமைப்புகளில் சொன்னாலும், மிச்சமிருக்கும் சாலைகளில் வேகமானதைத் தேடுமே தவிர அழகானதைத் தேடாது.

பைக்குக்கான செயலிகள் வேறு கணக்குப் போடுகின்றன. வரைபடத்தில் சாலை என்பது அடுத்தடுத்து வைத்த புள்ளிகளின் கோடு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், அந்தச் சாலை எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும். வளைவு மிகுந்த சாலைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து வழியைக் கோக்கின்றன. சந்தாவின் உண்மையான சரக்கு இதுதான் என்பது என் கருத்து. குர்விகரின் இணையதளத்தில் பணம் கட்டாமலே வழி போட்டுப் பார்க்கலாம். செயலியை நிறுவும் முன் அங்கே சோதியுங்கள். அது காட்டும் வழியைப் பார்த்து உங்கள் மனம் துள்ளுகிறதா, "இத்தனை சுற்றா?" என்று அலுப்புத் தட்டுகிறதா? உங்கள் விடையில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: வளைவைக் கணக்கிடும் செயலிக்குக் குழிகள் தெரியாது. மண்சாலையைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தால் முதல் பயணத்தில் அதைப் போட்டுவைத்துவிடுங்கள்.

இலவசச் செயலியிலும் அழகான வழியில் போகலாம், கொஞ்சம் கைவேலை வேண்டும். போக விரும்பும் சாலையில் இடைப்புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தால், செயலி அந்த வழிக்கு வந்துவிடும். கூகுள் மேப்ஸில் இப்படி ஒன்பது இடைநிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். புதியவர்கள் தவறுவது புள்ளி வைக்கும் இடத்தில். சந்திப்பின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். அது இரண்டு மீட்டர் தள்ளி எதிர்த்தடத்தில் விழுந்தால்கூட, நீங்கள் அந்த இடத்தைக் கடந்ததாகச் செயலி ஏற்காது. "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே, சாலையின் மேல், நீங்கள் போகும் பக்கத்தில் புள்ளியை வையுங்கள்.

படி 4: விலைப்பக்கத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்

இணையமின்றி வழிகாட்டுமா, ஜிபிஎக்ஸ் கோப்பை உள்ளே எடுத்து வெளியே தருமா, விபத்து நேர்ந்தால் வீட்டாருக்குத் தகவல் அனுப்புமா. முதலிரண்டும் எல்லாருக்கும் முக்கியம். ஜிபிஎக்ஸ் என்பது வழியைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை. அது இருந்தால் நண்பர் போட்ட வழியை நீங்களும், நீங்கள் போட்டதை வேறு செயலியும் படிக்கலாம். விபத்து அறிவிப்பு தனியாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் தகவல் போய்ச்சேர சிக்னல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முப்பரிமாணக் காணொளி, வளைவில் பைக் எவ்வளவு சாய்ந்தது என்று காட்டும் சாய்வுக் கோணம், நண்பர் பட்டியல் போன்றவற்றுக்காகப் பணம் கட்டாதீர்கள்.

படி 5: செல்பேசியை மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்

ஹேண்டில்பாரில் மாட்டும் ஹோல்டர் அதிர்வைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். அதிக சக்தி கொண்ட பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. வெயிலில் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். இரண்டுக்கும் செயலி பொறுப்பல்ல.

திரையை நம்பி ஓட்டாதீர்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் தூரத்தைச் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். ஹெல்மெட்டில் ப்ளூடூத் கருவி இருந்தால், குரலை மட்டும் கேட்டு ஓட்டிப் பாருங்கள். திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் சொல்கிறது, காற்றிரைச்சலில் புரிகிறதா, சாலையின் பெயரை அடையாளம் தெரியும்படி உச்சரிக்கிறதா என்று கவனியுங்கள். குரல் சரியில்லாத செயலி, வேறு எதில் சிறந்திருந்தாலும் பைக்குக்கு ஆகாது.

படி 6: சந்தா கட்டுவதானால்

நேராக ஆண்டுச் சந்தாவுக்குப் போகாதீர்கள். சோதனைக் காலம் இருந்தால், அதை நீண்ட பயணம் வரும் வாரத்தில் தொடங்குங்கள். சும்மா இருக்கும் வாரத்தில் அது வீணாகும். தொடங்கிய அன்றே, முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். செயலியைச் செல்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நிற்காது. ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

ரத்து செய்வதற்கு முன், சேமித்த வழிகளை எல்லாம் ஜிபிஎக்ஸ் கோப்புகளாக இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் ஒன்றை ஓஸ்மாண்டில் திறந்து பாருங்கள். நீங்கள் ஓட்டிய சாலை அங்கே கோடாக விழுந்தால், மற்றவையும் பத்திரமாக இருக்கின்றன.