கேஸ் கீசரை முதல்முறை பற்றவைக்கும்போது

கீசரைப் பொருத்த வந்தவர் குழாய்களை இணைக்கிறார், ஷவரைத் திறக்கிறார், நீலச் சுடர் எழுவதைக் காட்டிவிட்டுக் கிளம்புகிறார். வேலை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். சோதனையே அதற்குப் பிறகுதான். தண்ணீரை நிறுத்தியதும் சுடர் அணைகிறதா? எரிந்த வாயு எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் யாரும் அந்தக் கீசரில் குளிக்கக் கூடாது.

முதலில் இடம். கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடேற்ற வேண்டுமானால் மணிக்குச் சுமார் ஒரு கிலோ எல்பிஜி எரிய வேண்டும். அடுப்பின் பெரிய பர்னர் எரிப்பதைப் போல ஐந்து மடங்கு. ஒரு கிலோ எல்பிஜி எரிய ஏறக்குறைய 12 கனமீட்டர் காற்று தேவை. ஐந்தடிக்கு ஏழடி அளவில் எட்டடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் காற்றே 8 கனமீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் குளித்தால் அதில் கால் பங்கு கீசருக்கே போய்விடும். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் கால் தளர்ந்துவிடும். பிறகு தாழ்ப்பாளைத் திறக்கக்கூட எழ முடியாது.

ஆகவே வெளிச்சுவர், திறந்த பால்கனி, துணி துவைக்கும் காற்றோட்டமுள்ள யூடிலிட்டி ஆகியவைதான் கீசருக்கு இடம். அங்கும் குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டிவிடாதீர்கள். மேலே எழும் புகை அதன் வழியே உள்ளே வந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று உள்ளே மாட்டுவதும் தவறு. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் ஓடினால், புகைக்குழாய் வழியே மேலே போக வேண்டிய வாயுவையே அது திரும்ப அறைக்குள் இழுத்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானலில் இன்னும் கவனம் வேண்டும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. அதே பர்னருக்கு அங்கே ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்து வைக்கும் ஊரும் அதுதான்.

கேஸைத் திறக்குமுன் கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். எல்பிஜியா, பிஎன்ஜியா? குழாய் வழி வரும் பிஎன்ஜிக்கான ஜெட்டின், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் முனையின், துளை பெரியது. அதில் எல்பிஜியை விட்டால் தேவைக்கு அதிகமாகக் கேஸ் பாய்ந்து, மஞ்சள் சுடரும் கரியும் கார்பன் மோனாக்சைடும்தான் வரும். ஹோஸ் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸாக இருக்கட்டும். 1.5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், சுவர்த் துளை வழியாகவும் கொண்டுபோக வேண்டாம். சுவரைக் கடக்க வேண்டுமென்றால் செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள். ஹோஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ஹோஸுக்குள் இறங்கும்.

அடுத்து தண்ணீர். ரெகுலேட்டர் மூடியிருக்க, பேட்டரியைப் போடாமல், ஷவரை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். புதுக் குழாய்க்குள் கிடக்கும் பிளாஸ்டிக் துருவல், டெஃப்லான் டேப் துணுக்கு எல்லாம் வெளியே வரட்டும். இன்லெட்டில் உள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு கீசர் வழியாகவே பத்து லிட்டர் வாளி ஒன்றை நிரப்புங்கள். நான்கு நிமிடத்துக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர். பெரும்பாலான கீசர்கள் பற்றிக்கொள்ள அவ்வளவாவது வேண்டும். மொட்டைமாடியில் டேங்க் தரையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மாடி வீடுகளில் இது பலமுறை எட்டாது. அப்போது டேங்கை மேடையில் ஏற்றுங்கள், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வையுங்கள். கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கசிவுச் சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவமும் ஒரு பிரஷும் போதும். ரெகுலேட்டரைத் திறந்து, ஷவரை மூடியபடியே, ரெகுலேட்டர் வாய், ஹோஸின் இரு முனைக் கிளாம்ப்கள், கீசரின் கேஸ் இன்லெட் நட்டு என்று ஒவ்வொன்றிலும் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே பொங்கும். சின்னக் கசிவில் கடுகளவு குமிழ்கள் மெல்லச் சேர்ந்து வெள்ளைப் பூவாக நிற்கும். அதுவும் கசிவுதான். தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. பொருத்துபவரிடம் கேஸ் அழுத்தத்தை அளக்கும் யு-குழாய் மானோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: அழுத்தம் 30 மில்லிபார் என்றால் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் சுமார் 300 மில்லிமீட்டர் வித்தியாசம். ரெகுலேட்டரை மூடிய பிறகு ஐந்து நிமிடம் அது இறங்காமல் நிற்க வேண்டும்.

இப்போது 1.5 வோல்ட் டி சைஸ் ஆல்கலைன் பேட்டரி இரண்டைப் போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், அது 1.2 வோல்ட்தான். கேஸ் குமிழைக் குறைவில் வைத்து ஷவரைத் திறங்கள். தண்ணீரின் வேகம் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வைத் தள்ள, அது மைக்ரோ சுவிட்சை அழுத்த, டிக் டிக் டிக் என்று ஸ்பார்க் கேட்கும். புது ஹோஸுக்குள் காற்று இருப்பதால் முதல் ஓரிரு முறை பற்றாமல் போகலாம். ஷவரை மூடி, கால் நிமிடம் பொறுத்து மீண்டும் திறங்கள். மூன்று முறை பற்றாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியேறியிருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோரம் தங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

பற்றியதும் பார்வைத் துளையில் சுடரைப் பாருங்கள். குட்டையாக, நீலமாக, வரிசை முழுக்க ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். தூசியால் இடையிடையே ஆரஞ்சுப் பொறி தெறித்தால் கவலையில்லை. மஞ்சள் நுனி நிலைத்து நின்றாலோ மேல் மூடி கறுத்தாலோ பர்னரின் காற்று வழி அடைத்திருக்கிறது. நாள்கணக்கில் ஓடாத கீசரில் சிலந்திக் கூடு கட்டியிருப்பது சாதாரணம். ‘டப்’ என்று வெடிப்பது போலப் பற்றினால், கேஸ் சேர்ந்த பிறகு தாமதமாகப் பொறி விழுகிறது என்று பொருள். பேட்டரியை மாற்றிப் பாருங்கள், ஸ்பார்க் முனையைத் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அணையும் சோதனை. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. ஷவரை மூடுங்கள்: ஓரிரு நொடியில் சுடர் போய்விட வேண்டும். நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். ஒரு முறையாவது தங்கி எரிந்தால் வாட்டர் வால்வுக்குள் இருக்கும் ஊசி சிக்குகிறது. செம்புச் சுருளுக்குள் நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ரெகுலேட்டரை உடனே மூடி, பழுது பார்க்கும்வரை தொடாதீர்கள். அடுத்து, எரியும்போதே ஒரு பேட்டரியை உருவுங்கள்: மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு கேஸ் வால்வு மூடிச் சுடர் அணைய வேண்டும். மூன்றாவதாக, எரியும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். சுடர் போய், ஸ்பார்க் அடித்து ஓய்ந்த பின் ரெகுலேட்டரைத் திறந்தால் பர்னரில் கேஸ் வாடை வரக் கூடாது. வந்தால் சுடர் உணரும் கம்பியோ வால்வோ வேலை செய்யவில்லை.

வெப்பத்தைத் தெர்மாமீட்டரால் அளந்து 40 டிகிரிக்குள் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். சூடு அதிகமென்றால் கேஸ் குமிழைக் குறையுங்கள், அல்லது கீசரில் உள்ள கோடை-குளிர்காலச் சுவிட்சைக் கோடைக்கு மாற்றுங்கள். பச்சைத் தண்ணீரை நிறையக் கலந்தால் கீசர் வழியே ஓடும் அளவு குறைந்து பாதிக் குளியலில் சுடர் அணைந்துவிடும். போர்வெல் தண்ணீர் ஊர்களில் சுருளுக்குள் உப்புப் படிந்தாலும் இதே தொல்லை வரும், கூடவே கொதிக்கும் சத்தமும் கேட்கும். மலையூர்க் குளிர்காலக் காலைகளில் சிலிண்டர் தீரும் தறுவாயில் சுடர் சோர்ந்துபோனால், குளிரில் கேஸ் ஆவியாவது குறைகிறது என்றுதான் பொருள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

கேஸ் வாடை அடித்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள். குளியலறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், பிறகு 108. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே காட்டும். மருத்துவரிடம் “வீட்டில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது” என்று மறக்காமல் சொல்லுங்கள்.